பதினேழாம் மேசையும் ஒரு பனியன் துணியும்

போன மாதம் எங்கள் பழைய பட்டறையில் ஒரு புது இயந்திரத்துக்குப் பூசை போட்டார்கள். பலகையின் அறுத்த விளிம்பை மூடப் பிளாஸ்டிக் பட்டி ஒட்டும் இயந்திரம். ஒரு பக்கம் பலகையைக் கொடுத்தால், பட்டி ஒட்டி, ஓரம் சீவி, மறுபக்கம் தள்ளிவிடுகிறது. பத்து வருடம் நான் இரண்டு கையாலும் செய்த வேலையை, நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடும் நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. இதைப் பார்த்து நான் கண் கலங்கினேன் என்று எழுதினால் அது பொய். என் வலது கட்டைவிரல் இரண்டு வருடத்துக்கு முன்பே மடங்க மறுத்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் நான் வேலையை விட்டதற்கு அந்த விரல்தான் காரணம். இயந்திரத்தைக் கண்டதும் விரல் சந்தோஷப்பட்டது.

பூசைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "அண்ணே, அந்தப் பதினேழாம் மேசைக் கதைய நீங்களே சொல்லுங்கண்ணே" என்றார்கள். விசாரித்தபோது கதை இரண்டு விதமாக நடமாடுவது தெரிந்தது. ஒன்றில் நான் மயங்கி விழுகிறேன். இன்னொன்றில் ஒரு பெண்ணின் காலில் விழுகிறேன். இரண்டிலும் நான் விழுவதுதான் பொது. உண்மையில் நான் எங்கேயும் விழவில்லை. 2004ஆம் வருட டைரி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் வந்தவன் நான். வேலம்பாளையத்தில் ஒரு மரப்பட்டறையில், கம்பெனி கிடைக்கும்வரை என்று நுழைந்து அங்கேயே தங்கிவிட்டேன். முதல் வருடம் பசை டின்னும் துடைப்பமும். இரண்டாம் வருடம் அரம். மூன்றாம் வருடம்தான் பட்டியைத் தொட விட்டார்கள். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

நாங்கள் செய்ததெல்லாம் பனியன் கம்பெனிகளுக்கான மேசைகள். அதிலும் செக்கிங் மேசைதான் அதிகம். தைத்து முடித்த பனியன்களை ஒவ்வொன்றாக விரித்துக் குறை பார்க்கும் நீள மேசை அது. வீட்டு மேசையின் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. செக்கிங் மேசையில் ஒரு மயிரிழை தூக்கி நின்றால் போதும், பின்னல் துணியின் ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்துவிடும். இழுத்த இடத்தில் ஓட்டை. கடல் தாண்டிப் போக வேண்டிய பனியன் கந்தல் மூட்டைக்குப் போகும்.

ஆகவே வேலை இப்படி நடக்கும். அறுத்த விளிம்பை அரத்தால் மட்டப்படுத்தி, வேஸ்ட் துணியால் தூசி போகத் துடைக்க வேண்டும். மைக்காத் துண்டால் ரப்பர் பசையை மெல்லிசாக இழுக்க வேண்டும். முதல் பூச்சைப் பலகை குடித்துவிடும், இரண்டாவதுதான் நமக்கு. பட்டியின் முதுகிலும் ஒரு பூச்சு. பிறகு காத்திருக்க வேண்டும். வெயிலில் பத்து நிமிடம், மழையில் இருபது. புறங்கையால் தொட்டால் ஒட்ட வேண்டும். ஆனால் பசை நூல்போல் கையோடு வரக்கூடாது. ஒரு முனையிலிருந்து பட்டியை வைத்துக்கொண்டே போக வேண்டும். வைத்தது வைத்ததுதான், திருத்த முடியாது. துணி சுற்றிய கட்டையால் அழுத்தித் தேய்த்து, மிஞ்சிய ஓரத்தை உளியால் சீவி, அரம் போட வேண்டும். அரத்தைத் தள்ளலாம், திரும்ப இழுக்கக் கூடாது. இழுத்தால் பட்டி தூக்கிக்கொள்ளும். பிறகு உப்புத்தாள். கடைசியில் தின்னர் நனைத்த துணி.

பட்டி சுருள் பாதியில் தீர்ந்தால் இரண்டு துண்டை ஒட்டுப்போட வேண்டி வரும். இரண்டு முனையையும் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைப்போம். மேசையில் ஆள் நிற்கும் பக்கத்துக்கு எங்கள் பட்டறையில் 'வயிற்றுப் பக்கம்' என்று பெயர். எதிர்ப்பக்கம் 'சுவர்ப் பக்கம்'. ஒட்டு எப்போதும் சுவர்ப் பக்கம்தான் வர வேண்டும். துணி உரசுவது வயிற்றுப் பக்கம் என்பதால் இந்தச் சட்டம்.

சட்டத்தைப் போட்டவர் முதலாளி கந்தசாமி. நெசவுக் குடும்பம். நூலைப் பார்த்து வளர்ந்தவர் மரத்துக்கு வந்தாலும் மரத்தை நூலின் கண்ணால்தான் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு பனியன் துணி மடித்து வைத்திருப்பார். இருப்பதிலேயே மெல்லிய ரகம். மேசை முடிந்ததும் அதை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, வயிறு முன்னே போக, கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பைத் தடவியபடி நடப்பார். போகும்போது ஒரு தடவை. வரும்போது ஒரு தடவை. துணி எங்காவது பிடித்தால் திட்ட மாட்டார். துணியைக் கழற்றி, ஒட்டியவனின் தலைக்கு மேலே இருக்கும் ஆணியில் தொங்கவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம்வரை அது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் கொடி. 2003ஆம் வருடம் எனக்கு ஏழு கொடி, மைக்கா ஒட்டும் இருதயராஜுக்குப் பத்தொன்பது.

முதலாளியின் கோபத்தை அளக்க ஒரே வழி அவருடைய மரியாதைதான். சாதாரண நாளில் என்னிடம் "மாடசாமி, அதை எடுங்க" என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "பரவாயில்லீங்க" என்றால் ஆபத்து. "உதவியா இருக்குமுங்க" என்று முடித்தால், அந்த வேலை சரியாகும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்று அர்த்தம்.

2004 தை மாதம் முதலாளி பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். அப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு இருபத்துநான்கு செக்கிங் மேசை போய்க்கொண்டிருந்தது. கிளம்பும் காலை, காவித் துண்டோடு என் மேசைக்கு வந்து, பனியன் துணியை என் கையில் வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டுங்க, மாடசாமி. பாத்து அனுப்பிச்சு வுடுங்க."

அவர் தெரு முனை திரும்பியதும் இருதயராஜ் சுத்தியலால் டின்னைத் தட்டினான். அவன் தூத்துக்குடிக்காரன். வாய் கொஞ்சம் அதிகம். எனக்கு 'டைரி' என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

"ஏ மக்கா, செங்கோல் கை மாறிட்டுல்லா! வே டைரி, ராசா எப்படி நடப்பாரு? நடந்து காட்டும் பாப்போம்."

நான் நடந்து காட்டினேன். சட்டைக்குள் வேஸ்ட் துணி திணித்து வயிறு வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். "மாடசாமிங்க, இது என்னங்க, இங்கொரு மேடு தெரியுதுங்க" என்று அவர் குரலில் சொன்னேன். பட்டறையே சிரித்தது. இருதயராஜ் மரத்தூள் மேல் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வரும்போது நிறுத்தத் தெரியாதவன் நான். அன்று சோதித்த மேசை அத்தனையையும் அதே நடையில்தான் சோதித்தேன்.

அன்றைய டைரிக் குறிப்பை அப்படியே தருகிறேன். "மேசை 17. பட்டி தீர்ந்தது. புதுச் சுருள் நாளை. வண்டி காத்திருந்ததால் இருந்த துண்டை வைத்து வயிற்றுப் பக்கம் ஒட்டு. துணி போட்டேன். பிடிக்கவில்லை. அனைவரும் சிரித்தனர்."

கடைசி வாக்கியத்தை எழுதியதில் எனக்குப் பெருமை இருந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, முதலாளியின் மொட்டைத் தலையில் முடி கால் அங்குலம் வளர்ந்திருந்தபோது, ஒரு மதியம் பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவள் கையில் ஒரு டிபன் பை. அதிலிருந்து சோற்றுக்குப் பதிலாக நான்கு பனியன்கள் வெளியே வந்தன.

"ஏனுங்க, கம்பெனிக்கு மேசை செஞ்சு குடுத்தது நீங்கதானுங்க? அந்தப் பதினேழாம் நம்பர் மேசைக்குப் பட்டி ஒட்டுன மகராசன் யாருங்க?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அவ்வளவு வேகமாக அவர்கள் ஒற்றுமையாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் பெயர் சாந்தாமணி. ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வருபவள். நான்கு வருடம் பிசிறு நூல் வெட்டும் வேலையில் இருந்து, போன வாரம்தான் செக்கிங்குக்கு ஏற்றியிருக்கிறார்கள். நிறுத்திய இடம் பதினேழாம் மேசை. அன்றிலிருந்து அவள் தொடும் பனியன்களில் ஓட்டை. வளையல் கீறுகிறது என்றார் சூப்பர்வைசர் தனபால், வளையலைக் கழற்றினாள். நகம் என்றார், நகத்தை ஒட்ட வெட்டினாள். ஓட்டை நிற்கவில்லை.

"இப்ப என்ர கையே ஆகாதுங்கறாருங்க. நான் நொட்டாங்கைக்காரிங்க. நொட்டாங்கைல பீஸத் தொட்டா இப்படித்தான் ஆகும், சனிக்கிழமையோட நின்னுக்கோங்கறாரு. இந்தப் பேரு வந்துச்சுன்னா, அப்புறம் எந்தக் கம்பெனிலயும் என்னைய டேபிள்ல நிக்க வுட மாட்டாங்க. நீங்களே சொல்லுங்க, பீஸ ஓட்டை போடறது கையா, மேசையா?"

அன்று புதன்கிழமை. நான் பனியன்களைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு ஓட்டையும் ஒரே அளவு, ஒரே மாதிரி. எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. வாயோ, "நல்லாப் பாத்துதான் அனுப்பினோம்மா" என்றது.

"நல்லாப் பாத்தீங்களா, சிரிச்சுட்டே பாத்தீங்களா?" என்றாள். யார் சொல்லி வைத்தார்கள் என்று தெரியவில்லை. இருதயராஜ் மும்முரமாக மைக்கா அறுத்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை டைரியைப் புரட்டினேன். வயிற்றுப் பக்கம் ஒட்டு. எழுதியது நான்தான். எழுத்துப் பிழைகூட இல்லை.

என் திட்டம் எளிமையானது. மறுநாள் மதிய இடைவேளையில், மேசைத் திருகு முடுக்க வந்ததாகச் சொல்லி உள்ளே போவது. ஒட்டைச் சரிசெய்வது. வெளியே வருவது. பன்னிரண்டு நிமிட வேலை. ஓட்டை நின்றுவிடும், அவள் வேலை தப்பும், முதலாளிக்கும் தெரியாது. முதலாளிக்குத் தெரியாது என்பதைத்தான் நான் முதலில் யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

உள்ளே போகும்வரை திட்டப்படி நடந்தது. செக்கிங் பகுதி காலியாக இருந்தது. மேசைக்கு அடியில் பென்சிலில் என் கையெழுத்து: 17. அன்று பட்டறையிலிருந்தே ஒரு மெல்லிய துணி எடுத்துப் போயிருந்தேன். விளிம்பில் வைத்து இடமிருந்து வலமாக இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தேன். ஒன்றுமில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

"தனபாலு சாரும் இப்படித்தானுங்க பாத்தாரு."

பின்னால் சாந்தாமணி. கையில் திறக்காத டிபன் பாக்ஸ். துணியை வாங்கினாள், இடது கையால் பிடித்தாள், வலமிருந்து இடமாக இழுத்தாள். பாதி வழியில் துணி நின்றது. மெல்ல விடுவித்துக் காட்டினாள். அதே அளவு ஓட்டை.

மீன் செதிலைப் போல. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பு, வாலிலிருந்து தலைக்குப் போனால் கையைப் பிடிக்கும். என் சாய்வு ஒட்டின் நுனி ஒரு மயிரிழை தூக்கியிருந்தது. மற்ற பெண்கள் பனியனை இடப்பக்கக் குவியலிலிருந்து எடுத்து வலது கையால் இழுப்பவர்கள். அவர்கள் துணி செதிலோடு போனது. இவள் குவியலை வலப்பக்கம் வைத்து இடது கையால் இழுப்பவள். இவள் துணி செதிலுக்கு எதிரே வந்தது. முதலாளி ஏன் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை நடந்தார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று பட்டறையில் மேசையின் கடைசிக்குப் போனதும் நான் திரும்பி வரவில்லை. தலை குனிந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லியிருந்தேன்.

பையிலிருந்து பசை டின்னை எடுத்தேன். சாந்தாமணி தன் டிபன் பாக்ஸை ஒட்டின்மேல் சரியாக வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க."

"சரி பண்ணிருதேம்மா. நாளையிலேர்ந்து ஒரு ஓட்டை விழாது."

"நீங்க பாட்டுக்கு ஒட்டிப்போட்டுப் போயிருவீங்க. இதுவரைக்கும் வுழுந்த ஓட்டைக்கு யாரைக் கேப்பாங்க? வளையலக் கழட்டுனா, நகத்த வெட்டுனா, கடைசில கையும் திருந்திப்போச்சும்பாங்க. என்ர கை எதுக்குங்க திருந்தோணும்? போயி உங்க மொதலாளியக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த மேசை இப்படியே இருக்கட்டும்."

என் வேலைக் காலம் முழுக்க என்னை யாரும் அவ்வளவு சரியாகப் பிடித்ததில்லை.

பட்டறைக்குத் திரும்பி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுப் பக்க ஒட்டு, ஒரு தடவை மட்டும் நடந்தது, டிபன் பாக்ஸ். அவர் நடையை நான் நடந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

"அப்படீங்களா" என்றார். "பரவாயில்லீங்க." என் மேசைக்கு மேலிருந்த ஆணியைப் பார்த்தேன். "நாளைக்குக் காலைல நீங்களும் கூட வந்தீங்கன்னா உதவியா இருக்குமுங்க, மாடசாமிங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நாங்கள் பதினேழாம் மேசையின் முன்னால் நின்றோம். முதலாளி, நான், பசை டின்னைத் தூக்கிக்கொண்டு தானாகவே கிளம்பி வந்த இருதயராஜ். எதிரே சூப்பர்வைசர் தனபால், கம்பெனி மேனேஜர். சுற்றிலும் ஏறக்குறைய நாற்பது செக்கிங் பெண்கள், வேலை பார்ப்பதுபோல் நின்றார்கள்.

தனபால் ஆரம்பித்தார். "சார், டேபிள் பக்காவா இருக்குங்க சார். நானே கை வெச்சுப் பாத்தேன். இந்தப் பொண்ணு லெஃப்ட் ஹேண்டுங்க."

"இருக்கட்டுங்க" என்றார் முதலாளி. சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். "மாடசாமிங்க, நான் பழனிக்குப் போயிருந்தப்ப இந்த மேசைய எப்படிச் சோதிச்சீங்களோ, அப்படியே பண்ணிக் காட்டுங்க."

நான் சாதாரணமாக நடக்க ஆரம்பித்தேன்.

"அப்படி இல்லீங்களே" என்றார். "கண்ண மூடிட்டு நடந்தீங்களாமா?"

இருதயராஜைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"வவுறுங்க" என்றார் முதலாளி.

வயிற்றைத் தள்ளிக்கொண்டேன். அந்த மேசை எட்டடி நீளம். அதை நான் கடந்ததைப்போல் ஒரு தூரத்தை முதலாளி பழனிக்கும் நடந்திருக்க மாட்டார். நாற்பது பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. துணி எங்கும் பிடிக்கவில்லை.

"பாத்தீங்களா சார்" என்றார் தனபால்.

"பாத்தனுங்க. இப்ப நீ இழு கண்ணு."

சாந்தாமணி துணியை இடது கையில் சுற்றினாள். எந்த அவசரமும் இல்லாமல், வலமிருந்து இடமாக இழுத்தாள். துணி நின்றது. ஒரு கண்ணி அறுந்து ஏணிபோல் நூல் ஓடியது. மேனேஜர் குனிந்து பார்த்தார். தனபாலைக் கூப்பிட்டு அவரையும் அதே திசையில் இழுக்கச் சொன்னார். மறுபடி நின்றது.

"தப்பு எங்க மேசையோடதுங்க" என்றார் முதலாளி, எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தப் புள்ள கையோடது இல்லீங்க. இவ இல்லீன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க."

"அதான் சார், எனக்கும் டேபிள் மேலதான் டவுட்டா இருந்துச்சு" என்றார் தனபால்.

நாற்பது முந்தானைகளும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. அதன்பிறகு அங்கே கேட்ட சிரிப்பில் என் பங்கு கொஞ்சம் குறைந்துபோனது. அதற்காகத் தனபாலுக்கு இன்றுவரை நன்றியுள்ளவன் நான்.

பட்டியை உரித்து, புதுச் சுருளில் முழு நீளமாக, ஒட்டே இல்லாமல் ஒட்டினேன். முதலாளி போய் வந்து சோதித்தார். பிறகு சாந்தாமணி சோதித்தாள். அன்று மாலை வலப்பக்கத்தில் குவியல் வைக்க அவளுக்கென்று ஒரு தனி ஸ்டாண்டு கேட்டார் மேனேஜர். சனிக்கிழமை அவள் நிற்கவில்லை, அதாவது வேலையை விட்டு நிற்கவில்லை, மேசையில்தான் நின்றாள். எனக்குக் கிடைத்த கொடி ஒரு நாளில் இறங்கவில்லை. நூல் ஓடிய அந்தத் துணி பங்குனி முடியும்வரை என் தலைக்கு மேல் ஆடியது. டைரியில் அதை ஒரே கொடியாகத்தான் கணக்கில் வைத்தேன். இருதயராஜ் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் முதலாளி சாந்தாமணியை மேசை சோதிக்கப் பட்டறைக்கே அழைத்துக்கொண்டார். "நம்மகிட்ட சோத்தாங்கை நெறைய இருக்குதுங்க. நொட்டாங்கை ஒண்ணுகூட இல்லீங்க" என்றார். அதன்பிறகு நான் வேலையை விடும்வரை அவள் எனக்கு ஏற்றிய கொடிகள் முப்பத்தொன்று. முதலாளி சோதித்த காலத்தில் இவ்வளவு இல்லை.

இனி பூசை நாள். எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர், இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து வந்தவர், முதல் பலகையை உள்ளே கொடுத்தார். பளபளவென்று வெளியே வந்தது. எல்லோரும் கை தட்டினோம். "ஃபினிஷிங் பாருங்க சார், கையில இந்த மாதிரி வரவே வராது" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். யாரோ சொல்லியிருப்பார்கள்.

சாந்தாமணி முன்னால் வந்தாள். கைப்பையிலிருந்து துணியை எடுத்தாள். போகும்போது ஒரு தடவை. வழுக்கிக்கொண்டு போனது. அவர் புன்னகைத்தார். வரும்போது ஒரு தடவை. கடைசி மூலையில் துணி நின்றது. முனையை வெட்டும் இடத்தில் இயந்திரம் ஒரு மயிரிழையை விட்டிருந்தது.

அவள் துணியைக் கழற்றி, இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானில் தொங்கவிட்டாள்.

"மொத நாளே கொடியா!" என்றான் இருதயராஜ்.

முதலாளி கழுத்துப்பட்டைக்காரர் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"பரவாயில்லீங்க" என்றார். "நீங்க கொஞ்சம் இருந்து பாத்துக் குடுத்தீங்கன்னா உதவியா இருக்குமுங்க."

அவருக்கு முகம் மலர்ந்தது. எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்திருப்பார். "கண்டிப்பா சார், அடுத்த விசிட்ல பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே கார் சாவியைத் தேடினார்.

நானும் இருதயராஜும் அவருக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டோம்.